தன்மையில் மட்டும் சொல்லத்தக்க உண்மை: சோல்செனித்சினின் நோயும் நம்பிக்கையும் இரக்கமும்

நோய் மனிதனைப் பண்படுத்தும் என்னும் கருத்து உலகச் சமய இலக்கியங்கள் பலவற்றிலும் காணப்படுவதாகும். தமிழில் இதற்குப் பெரியபுராணம் கூறும் திருநாவுக்கரசர் வரலாறே முதன்மையான சான்று எனலாம். சமண மடத்தில் தருமசேனராய் விளங்கியவரைச் சூலைநோய் வருத்தியது. அவர் தமக்கையார் திலகவதியாரை நாடி வந்தார். திருவதிகையில் இறைவனைப் பாடி நோய் நீங்கப்பெற்றார். பின்னர் உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் கைத்தொண்டு புரிந்தார். நோய், நம்பிக்கை, தொண்டு என்னும் மூன்றும் இங்கு ஒரே கோட்டில் அமைகின்றன. இக்கோட்டினைக் கற்பிப்போரும் கற்போரும் அதனை இயல்பானதாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

ஆயினும் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. தன் நோயினால் நம்பிக்கை பெற்ற ஒருவன், அதே நோயால் வருந்தும் பிறரை எவ்வாறு நோக்குவான்? தன் துன்பத்தில் தான் கண்ட பொருளை அவர்தம் துன்பத்திற்கும் ஏற்றிக் கூறுவானா? அவ்வாறு கூறின், அது இரக்கமாகுமா, இரக்கத்திற்குத் தடையாகுமா? இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் உருசிய எழுத்தாளர் அலெக்சாண்டர் சோல்செனித்சினின் (1918–2008) வாழ்வையும் படைப்புகளையும் முன்வைத்து ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. சிறை முகாமில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்ற நாட்களில் தாம் கிறித்தவ நம்பிக்கைக்கு மீண்டதாக அவரே எழுதியுள்ளார். அவரது அரசியல் கருத்துகள் பற்றி மிகுதியும் எழுதப்பட்டுவிட்டன. நோயாளி என்ற முறையில் அவர் எழுப்பிய அறவினா உரிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

எக்கிபாஸ்தூஸ், 1952

சோல்செனித்சின் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்தார். தாயும் உறவினரும் உருசிய மரபுவழித் திருச்சபையின் பற்றுறுதியில் அவரை வளர்த்தனர். பள்ளிப் பருவத்திலும் பல்கலைக்கழகத்திலும் அந்நம்பிக்கை கழன்று, லெனினிய நம்பிக்கை அதன் இடத்தைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையின் அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் குறைகூறினார் என்று 1945 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டு எட்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அத்தண்டனையின் இறுதிப் பகுதியைக் கஸகஸ்தானின் எக்கிபாஸ்தூஸ் முகாமில் கழித்தார். அங்கே 1952 பிப்ரவரியில் அடிவயிற்றின் கீழ்ப்புறத்தில் வளர்ந்திருந்த கட்டி முகாம் மருத்துவமனையிலேயே அறுத்து அகற்றப்பட்டது.

அறுவைக்குப் பின் காய்ச்சலோடு அசைய இயலாமல் கிடந்த மாலையில் நிகழ்ந்ததைக் ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலின் நான்காம் பகுதியில் அவர் விரிவாக எழுதுகிறார். போரிஸ் கோர்ன்ஃபெல்ட் என்னும் கைதி மருத்துவர் அவர் கட்டிலருகே வந்து அமர்கிறார். அவர் சோல்செனித்சினுக்குச் சிகிச்சை அளித்தவர் அல்லர். நெருங்கிய பழக்கமும் இல்லை. மனத்தில் உள்ளதைப் பகிர்ந்துகொள்ள வேறு ஆளில்லாததால் வந்தவர். கண்ணை உறுத்தாதிருக்க விளக்கு அணைக்கப்பட்டுள்ளது. யூத சமயத்திலிருந்து தாம் கிறித்தவரான வரலாற்றை அவர் இருளில் சொல்லிச் செல்கிறார். இறுதியில் தாம் அடைந்த முடிவொன்றைக் கூறுகிறார்: இவ்வுலகில் நமக்கு வரும் தண்டனை எதுவும் தகாதது அன்று, வெளிப்பார்வைக்கு நாம் செய்த குற்றத்தோடு அதற்குத் தொடர்பில்லாதது போலிருக்கலாம், வாழ்வை நுணுகி ஆராய்ந்தால் அந்த அடிக்குக் காரணமான பிழையைக் கண்டுகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

பின்னர் ஓசையின்றி எழுந்து சென்று பக்கத்து அறையொன்றில் படுத்துக்கொள்கிறார். மறுநாள் காலை, உறக்கத்திலேயே மண்டையில் சுத்தியலால் அடிக்கப்பட்ட அவரை அறுவை அறைக்குத் தூக்கிச் செல்கின்றனர். நினைவு திரும்பாமலே அவர் இறக்கிறார். முகாமில் காட்டிக்கொடுப்போர் எனக் கருதப்பட்டவர்கள் கொல்லப்பட்டுவந்த காலம் அது. கோர்ன்ஃபெல்ட் இரு மாதங்களாக மருத்துவமனையை விட்டு வெளியே வராதிருந்தார் என்பதையும், அதனால் தாம் அவரிடம் எச்சரிக்கையோடு இருந்ததையும் சோல்செனித்சின் மறைக்கவில்லை. அவரிடம் தீயது எதனையும் தாம் காணவில்லை என்பதையும் உடன் எழுதுகிறார். நம்பிக்கையின் செய்தியைக் கொண்டுவந்தவர் ஐயத்துக்குரியவராகவும் இருந்தார்! இதனைப் பிற்காலப் பக்திக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. விட்டுவிட்டால் கதை அழகுபெறும். ஆனால் உண்மை குறைந்துவிடும்.

மூவிடமும் ஓர் உண்மையும்

இறந்துபோனவரின் கடைசிச் சொற்கள் தமக்கு மரபுரிமைச் சொத்துப்போல வந்து சேர்ந்தன என்கிறார் சோல்செனித்சின். அவற்றை வாழ்வின் பொதுவிதியாகவே கொள்ள மனம் விழைந்ததாம். ஆயின் உடனே இடறுகிறார். சிறையினும் கொடிய தண்டனை பெற்றோர், சுடப்பட்டோர், எரிக்கப்பட்டோர் எல்லாம் நம்மினும் பெரிய தீயோர் என்றல்லவா அவ்விதி முடியும்? கொடுமை செய்தோர் நலமாக வாழ்வதற்கு அவ்விதியில் விடை யாது? மண்ணுலக வாழ்வின் பொருள் வளமாக வாழ்வதில் இல்லை, ஆன்ம வளர்ச்சியில் உள்ளது எனக் கொண்டாலன்றி இம்முடிச்சு அவிழாது என்று எழுதியபின், நுட்பமானதொரு வரம்பை வகுக்கிறார். அச்சொற்களைத் தம்மைப் பொறுத்தவரை முழுமையாக ஏற்பதாகக் கூறுகிறார். பலரும் தத்தம்மைப் பொறுத்து ஏற்கக்கூடும் என்கிறார். ‘தம்மைப் பொறுத்தவரை’ என்னும் இவ்வரையறையே நம் ஆய்வின் மையம்.

தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் வகுத்துள்ளது. அறவியல் உண்மைகளுக்கும் இத்தகைய இடவேறுபாடு உண்டு எனக் கருதவேண்டியுள்ளது. என் துன்பம் எனக்குத் தகும் என ஒருவன் தன்மையில் கூறினால் அது தன்னாய்வு. உன் துன்பம் உனக்குத் தகும் என முன்னிலையில் கூறினால் அதுவே பழிப்பு. அவர்கள் துன்பம் அவர்களுக்குத் தகும் எனப் படர்க்கையில் கூறுவோன், உதவாமல் நிற்பதற்கு நியாயம் தேடிக்கொள்கிறான். சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. இடம் மாற, அறமும் மாறிவிடுகின்றது.

தன்மையில் அவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதையும் காணவேண்டும். கைதான பின்னும் தாம் அதிகாரி என்ற செருக்கில், நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்படுகையில் தம் பெட்டியைச் செருமானியக் கைதி ஒருவரைச் சுமக்கச் செய்ததை அவர் நூலில் பதிந்துள்ளார். அதிகாரம் மிகுந்திருந்தபோது தாம் கொடியவராய் இருந்ததாகவும், நன்மை செய்வதாக உறுதியாக நம்பிய பொழுதுகளிலேயே தீமை செய்ததாகவும் எழுதுகிறார். நன்மைக்கும் தீமைக்கும் இடைப்பட்ட கோடு நாடுகளுக்கோ வகுப்புகளுக்கோ கட்சிகளுக்கோ நடுவே செல்வதன்று, ஒவ்வொரு மனித நெஞ்சின் ஊடாகவும் செல்வது என்னும் அவரது புகழ்பெற்ற கருத்து இந்த மருத்துவமனைக் கட்டிலின் நினைவை ஒட்டியே வருகிறது. மேடைகளில் அது பிறரைச் சுட்டும் பொன்மொழியாக எடுத்தாளப்படுகிறது. நூலிலோ அது அறுவைப் புண்ணோடு கிடந்த ஒருவரின் தற்குற்ற ஏற்பைத் தொடர்ந்து வருவது.

கோர்ன்ஃபெல்டின் விதி கிறித்தவத்தின் பொதுக்கொள்கையா என்பதும் ஆராயத்தக்கது. விவிலியத்தின் யோபு நூலில், உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் அமர்ந்த யோபுவிடம் நண்பர்கள் வந்து கூறுவது கிட்டத்தட்ட இதே விதிதான். நூலின் இறுதியில் கடவுள் அந்நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என வினவ, இயேசு இருவரையும் மறுக்கிறார். லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் மற்றவரினும் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று கூறிய இயேசு, உடனே கேட்போரை நோக்கி நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். இறந்தோரைப் பற்றிய தீர்ப்பு மறுக்கப்படுகிறது; உயிரோடிருப்போனின் தன்னாய்வு வேண்டப்படுகிறது. சோல்செனித்சின் தட்டுத்தடுமாறி வந்தடைந்த வரம்பும் இதுவே.

தமிழ் மரபிலும் இச்சிக்கல் அறியாதது அன்று. அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் சிவிகை சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் காட்டும் குறளுக்கு உரையாசிரியரும் இக்காலத்தாரும் வேறுபடப் பொருள் கண்டுள்ளமை இங்கு நோக்கத்தக்கது. அறத்தின் பயனை நூல்கொண்டு விளக்க வேண்டா, அவ்விருவரையும் கண்டாலே விளங்கும் என்பது பரிமேலழகர் காட்டும் பொருள். அவ்விருவரையும் காட்டி இதுதான் அறத்தின் நெறி என்று சொல்லாதே என விலக்குவதாகக் கொள்வோரும் உளர். முதற்பொருளில் சுமப்பவன் தோள் வலி ஒரு சான்று. இரண்டாம் பொருளில் அவ்வலியைச் சான்றாக்குவதே தவறு. எது வள்ளுவர் கருத்து என்று இங்கு முடிவு கூறப்புகவில்லை. ஆயினும் பிறன்நோயைத் தன்நோய்போல் காவாதவழி அறிவினால் ஆவது யாது என இன்னாசெய்யாமையில் வினவிய புலவர், பிறன் நோயை விளக்கப் பொருளாக்கி அமைதி கொள்வதை உவந்திருப்பாரா என்னும் ஐயம் எழாமல் இல்லை.

ஒரே அறை, ஒரே இடத்துக் கட்டி

விடுதலையாகி நாடுகடத்தலில் கோக்-தெரெக் என்னும் சிற்றூரில் ஆசிரியராக வாழ்ந்தபோது 1953-இன் இறுதியில் நோய் மீண்டும் பரவியது. மூன்று வாரங்களுக்குமேல் வாழமாட்டார் என மருத்துவர் கருதினர். மனப்பாடமாகச் சுமந்திருந்தவற்றைச் சிற்றெழுத்தில் எழுதிச் சுருட்டி, ஷாம்பேன் புட்டியொன்றில் இட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, இறப்பதற்கெனத் தாஷ்கண்ட் சென்றார். 1954-இல் அங்கே கதிர்வீச்சுச் சிகிச்சையால் கட்டி சுருங்கியது. அப்பட்டறிவிலிருந்து எழுந்த நாவல் ‘புற்றுநோய்ப் பிரிவு’. சோவியத் நாட்டில் தடுக்கப்பட்டு 1968-இல் வெளிநாடுகளில் வெளிவந்த இந்நாவல், உருசியாவில் அச்சேற 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்நாவலை ஸ்டாலினிய அரசின் உருவகமாகப் படிப்பது நெடுநாள் வழக்கம். 1967-இல் எழுத்தாளர் சங்கச் செயலகத்தார் இதனைக் குறியீட்டு நாவல் எனக் குற்றஞ்சாட்டியபோது, குறியீட்டுக்கு இத்தனை மருத்துவ விவரங்கள் தேவையில்லை, இது புற்றுநோயைப் பற்றியதே என ஆசிரியர் மறுத்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக், நோயை உருவகமாக்குவது நோயாளியைக் குற்றவாளியாக்கும் என்று 1978-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டவர். அவரும் இந்நாவலில் புற்றுநோய் உருவகமாக ஏறக்குறைய ஆளப்படவில்லை எனக் குறித்துள்ளார். தம் கட்டிக்குத் தம்மளவில் ஆன்மப் பொருள் கண்ட ஆசிரியர், நாவலின் பிற நோயாளிகள்மேல் அப்பொருளைச் சுமத்தவில்லை என்பதே இதனால் பெறப்படும்.

பிரிவில் இருவர் கழுத்தில் கட்டியோடு கிடக்கின்றனர். ஒருவன் பொத்தூயெவ், கட்டுமானப் பணிகளில் அலைந்த முரடன். நாக்கில் தொடங்கிய நோய் கழுத்துக்கு இறங்கியுள்ளது. மற்றவர் ருசானவ், பணியாளர் விவரப் படிவங்களை ஆண்ட அதிகாரி, அண்டை வீட்டானை அரசுக்குக் காட்டிக்கொடுத்து அவன் அறைகளையும் பெற்றவர். பொத்தூயெவின் கையில் டால்ஸ்டாயின் கதைநூல் ஒன்று வந்து சேர்கிறது. மனிதர் எதனால் வாழ்கின்றனர் என்னும் அதன் தலைப்பு வினாவை அவன் அறையில் உள்ளோர் ஒவ்வொருவரிடமும் கேட்கிறான். உணவால் என்கிறான் ஒருவன். சம்பளத்தால் என்கிறான் மற்றொருவன். கொள்கையாலும் பொதுநலத்தாலும் என்கிறார் ருசானவ். கதையின் விடை அன்பு. அது நம் ஒழுக்கம் அன்று என ருசானவ் தள்ளிவிடுகிறார்.

பொத்தூயெவின் நெஞ்சில் அவ்விடை மதக்கொள்கையாக நுழையவில்லை. ஒரு நினைவையே அது கிளறிவிடுகிறது. பனிக்காற்றில் குழி வெட்டிய கைதிகள் சிலர், இன்னும் சிறிது ஆழம் குறைத்துக்கொள்ளுமாறு மேற்பார்வையாளனான அவனிடம் கெஞ்சினர், அவன் இரங்கவில்லை. உனக்கும் சாவு வரும் என்று அன்று ஒருவன் சொன்னது இப்போது திரும்பிவருகிறது. இவன் அடைந்த இரக்கம் காலங்கடந்தது. அக்கைதிகளுக்கு எப்பயனும் இல்லாதது. கைவிடப்பட்ட நோயாளியாக வெளியேற்றப்பட்ட அவன், இரயில் நிலையத்திலேயே இறந்துபோகிறான். ருசானவுக்கோ ஊசிமருந்து ஏறிய இரவின் கனவில் தன்னால் கெட்டவர்கள் தோன்றுகின்றனர். விழித்தவுடன் அக்கதவு மூடிக்கொள்கிறது. பழைய வழக்குகள் மறுவிசாரணைக்கு வரும் எனக் கேட்டபோது, காட்டிக்கொடுக்கப்பட்டவன் திரும்பிவருவானே என்னும் அச்சம்தான் அவருக்கு நோயினும் பெரிதாகிறது.

ஒரே அறை, ஒத்த நோய். ஒருவன் நெஞ்சு திறந்தது, மற்றவருடையது திறக்கவில்லை. ஆகவே துன்பமே இரக்கத்தைப் பிறப்பிக்கும் என்னும் பொதுக்கூற்று நாவலுக்குள்ளேயே பொய்யாகிறது. துன்பம் ஒரு வாய்ப்பு என்றுகூடச் சொல்லத் தயங்கவேண்டும். தியோம்கா என்னும் சிறுவனின் நிலை அத்தயக்கத்தைக் கட்டாயமாக்குகிறது. படிப்பே வாழ்வெனக் கொண்ட அவனது கால் நோயால் துண்டிக்கப்பட உள்ளது. ஸ்தியோஃபா என்னும் மூத்த நோயாளி, கடவுள் எல்லாவற்றையும் காண்கிறார், அவருக்கு அடங்கிப்போ என ஆறுதல் கூறுகிறாள். எல்லாவற்றையும் காண்பவரானால் ஒருவர்மேலேயே அத்தனை சுமையையும் ஏற்றுவானேன், கொஞ்சம் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே என்கிறான் சிறுவன். நம்பிக்கை கொண்ட ஓர் ஆசிரியர் இச்சிறுவனின் வாயை அடைக்கும் மறுமொழி எதனையும் எழுதாமல் விட்டிருக்கிறார். அதுவே அவர் காட்டிய மரியாதை எனலாம்.

சிகிச்சை செய்வோரின் இரக்கமும் இந்நாவலில் ஐயத்துக்கு உட்படுத்தப்படுகிறது. தொன்த்சோவா என்னும் மருத்துவர் நோயாளிகளுக்காகத் தம்மை வருத்திக்கொள்பவர். ஆயினும் கோஸ்தகுளோத்தவ் என்னும் முன்னாள் கைதியின் உடலில் எதைச் செய்வது என்பதை அவனுக்குச் சொல்லாமலே முடிவு செய்கிறார். இன்னொருவனுக்காக முடிவு செய்யும் உரிமை அச்சந்தருவது, அது மருத்துவருக்கும் கிடையாது என்கிறான் அவன். மருத்துவருக்குத்தான் அது முதலில் உண்டு என்கிறார் அவர். அவர் காக்க முயல்வது அவன் உயிரை. அவனோ எவ்வகை வாழ்வை விலையாகக் கொடுத்து அவ்வுயிரைப் பெறுவது எனக் கேட்கிறான். பல்லாண்டு கதிர்வீச்சின் நடுவே உழைத்த அம்மருத்துவரே பின்னர் வயிற்றில் நோயுற்று நோயாளியாகும்போது, தாம் நன்கறிந்த உடல் தமக்கே அயலாகிப் போவதை உணர்கிறார். பரிமேலழகர் அன்பினின்று அருளைப் பிரித்துக் காட்டியது தொடர்பு நோக்காமையைக் கொண்டு. தொடர்பு நோக்காத அருளும் எதிரிலிருப்பவனின் சொல்லைக் கேளாதபோது குறையுடையதாகிறது என இப்பகுதி கொண்டு கூறத் தோன்றுகிறது.

வலக்கை

இரக்கத்தின் கடினமான சோதனையைச் சோல்செனித்சின் நாவலில் வைக்கவில்லை. 1960-இல் எழுதிய ‘வலக்கை’ என்னும் சிறுகதையில் வைத்தார். நாவலின் புகழில் இக்கதை மறைந்துபோனது வருந்தத்தக்கது.

கதைசொல்லி தாஷ்கண்ட் மருத்துவமனையில் சாவிலிருந்து மீண்டுவரும் நாடுகடத்தப்பட்டவன். வசந்தம் வந்துவிட்டது, மருத்துவமனைப் பூங்காவில் மெல்ல நடக்கத் தொடங்கியுள்ளான், வாழ்வின் சிறுசிறு காட்சிகளும் அவனுக்கு இனிக்கின்றன. வாயிலருகே நடக்கவே மாட்டாத நோயாளிக் கிழவர் ஒருவர் அவனிடம் உதவி கேட்கிறார். மருத்துவமனையில் சேர்க்கமாட்டேன் என்கின்றனராம். தானே தளர்ந்திருந்தும் அவரைத் தாங்கிப் பதிவறைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கிருக்கும் இளம்பெண் விதியைச் சொல்லி மறுத்துவிடுகிறாள். தான் ஒரு சிறப்பு வாய்ந்தவன் என்று காட்டக் கிழவர் பழைய சான்றிதழ் ஒன்றை எடுத்துத் தருகிறார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அவர் தண்டனைப் படையொன்றில் பணியாற்றியதையும், புரட்சியின் பகைவர் பலரைத் தம் கையாலேயே வெட்டி வீழ்த்தியதையும் பாராட்டும் சான்றிதழ் அது.

அந்த வலக்கையைக் கதைசொல்லி பார்க்கிறான். வாளை வீசிய அக்கை, இன்று பணப்பையிலிருந்து தாளொன்றை எடுப்பதற்கே தடுமாறுகிறது.

இங்கே கோர்ன்ஃபெல்டின் விதி எவ்வளவு வசதியாகக் கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். செய்த வினை, அதற்குரிய கை, அக்கைக்கு வந்த தளர்ச்சி, எந்த அரசுக்காக வெட்டினாரோ அதன் மருத்துவமனையே கதவை மூடுதல் என அனைத்தும் கணக்காகப் பொருந்துகின்றன. முகாம்களில் எட்டாண்டுகளை இழந்த ஒருவன் இக்கணக்கைச் சொல்லி நிறைவு கொள்ள எல்லா உரிமையும் உடையவன். கதை அதனைச் சொல்லவில்லை. கிழவருக்காகப் பரிந்து பேசிய குரல் நின்றுவிடுகிறது என்பது உண்மை. திகைப்பும் அருவருப்பும் கதைசொல்லியின் உள்ளத்தில் எழுகின்றன. ஆயினும் தீர்ப்பு என ஒன்று வழங்கப்படவில்லை. அவன் முன்னர்த் தாங்கிப் பிடித்து நடத்திவந்த சில அடிகள் நடந்தவையாகவே நிற்கின்றன. அறிந்திருந்தால் தாங்கியிருப்பானா? இவ்வினாவுக்குக் கதையில் விடை இல்லை. பகைவனிடத்தும் அன்பு என்னும் கிறித்தவக் கட்டளையைப் பாடமாக ஒப்பிக்காமல், அதன் எடை எவ்வளவு என்பதைத் தூக்கிப் பார்த்த கதை இது என்பது என் கருத்து.

நாவலின் முடிவிலும் இதற்கிணையான காட்சி உண்டு. சிகிச்சை முடிந்து வெளியேறும் கோஸ்தகுளோத்தவ் நகரின் விலங்குக் காட்சிசாலைக்குச் செல்கிறான். குரங்கொன்றின் கூண்டு காலியாக இருக்கிறது. கொடியவன் ஒருவன் கண்ணில் புகையிலைத் தூளை வீசியதால் அக்குரங்கு குருடாயிற்று என்று அறிவிப்புப் பலகை கூறுகிறது. ஏன் வீசினான்? ஒன்றுமில்லை, சும்மாதான்! பழி தேடிக் கண்டுபிடிக்க அக்குரங்குக்குக் கடந்த வாழ்வில் ஒரு பிழையும் இல்லை. தன் நோயில் பொருள் தேடியவன் பொருளே இல்லாத ஒரு நோவின்முன் நெஞ்சடைத்து நிற்கிறான்.

அடைப்புக்குறிக்குள் ஒரு குரல்

இவ்வாசிரியரிடம் குறையே இல்லை எனக் கூறுவதற்கில்லை. 1975-இல் வெளிவந்த தம் இலக்கிய வாழ்க்கைக் குறிப்புகளில், கைவிடப்பட்ட நோயிலிருந்து தாம் பிழைத்ததை இறைவனின் அற்புதம் என்றே எழுதுகிறார். அதன்பின் வாழ்வு தமக்கு முழுவதும் உரியது அன்று, ஒரு நோக்கத்துக்காகத் திருப்பித் தரப்பட்டது என்கிறார். இக்கூற்றின் முதற்பாதி இடர்ப்பாடுடையது. அதே தாஷ்கண்ட் மருத்துவமனையில், அதே கதிர்க்கருவியின் கீழ்ப் படுத்து, பிழைக்காதவர்களுக்கு அற்புதம் மறுக்கப்பட்டது ஏன் என்று கேட்க நேரிடும். கதிர்வீச்சைச் செலுத்திய மருத்துவர்களின் உழைப்புக்கும் அக்கூற்றில் இடம் சுருங்கிவிடுகிறது. நாவலில் அம்மருத்துவர்களுக்கு அவர் தந்த விரிந்த இடத்தை நோக்க, குறிப்புகளை எழுதியவரினும் நாவலை எழுதியவரே நீதியானவர் எனச் சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாம் பாதி அவ்வாறன்று. திருப்பித் தரப்பட்ட வாழ்வு கடனாகக் கொள்ளப்பட்டது. கடன் எழுத்தாக அடைக்கப்பட்டது. ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலுக்கு 227 பேரின் வாய்மொழிகளும் கடிதங்களும் நினைவுகளும் துணையாயின. சொல்லுவதற்கு உயிரோடு இல்லாதவர்களுக்கே அந்நூல் உரிமையாக்கப்பட்டது. 1974-இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டபின் நிறுவிய நிதியத்துக்கு அந்நூலின் உலகளாவிய உரிமைத்தொகை முழுவதையும் அவர் அளித்தார். கைதிகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் அது சென்றது. நாவுக்கரசரின் உழவாரம் போல இதுவும் கைத்தொண்டே. இதனைப் பெற்ற குடும்பத்தார் எவரிடமும், உங்கள் துன்பத்துக்குக் காரணமான பிழை எது என்று கேட்கப்படவில்லை.

அறுவைக்குப் பின் கிடந்த அந்நாட்களைப் பற்றிய அதிகாரத்தின் முடிவில் சோல்செனித்சின் தம் சிறைவாழ்வுக்கு வாழ்த்துக் கூறுகிறார். தம் ஆன்மா வளர்ந்தது அங்கேதான் என்பதால் அவ்வாழ்த்து. தன்மையில் அதனைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆயினும் அவ்வாழ்த்தோடு அதிகாரத்தை முடிக்க அவரால் இயலவில்லை. அதற்கடுத்து, அடைப்புக்குறிக்குள், கல்லறைகளிலிருந்து ஒரு மறுமொழி எழுகின்றது: நீ உயிரோடு வெளியே வந்தவன், சொல்லுவாய் என்னும் பொருள்பட. அம்மறுமொழிக்கு அவர் விடை எழுதவில்லை. அதிகாரம் அங்கே முடிந்துவிடுகிறது.